எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது? டயாலிசிஸ் வலிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் தென்காசிப் பக்கம் எங்கும் இடம் கிடைக்கவில்லை. செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு என்று மலையேறி இறங்கி, கொல்லம் மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நாள் போய்வந்தோம். ஒரு நாள், மெஷின் ஓடி மூன்று மணி நேரம் ஆனபிறகு அப்பா "சிஸ்டர், வலிக்கி, வலிக்கி" என்றார். புதிதாகச் சேர்ந்திருந்த மலையாளி நர்ஸ் ஓடிவந்து, "ஸ்வாசம்முட்டுண்டோ அச்சா?" என்று கேட்டபடியே தலைமாட்டை உயர்த்தி ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையில் எடுத்துவிட்டார். மலையாளத்தில் வலி என்றால் இழுப்பது, வலிவு என்றால் மூச்சிரைப்பு. அப்பாவுக்கு இழுத்தது கெண்டைக்கால். பிபி இறங்கிக் கால் இழுக்கிற நேரத்தில் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்த வேண்டும். நடந்தது நேர் எதிர்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். "வலிக்குது" என்கிற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. டயாலிசிஸில் வருகிற வலி பத்துப் பன்னிரண்டு வகை, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பாதிக்கு மேல் அன்றைக்கே குறைக்கக்கூடியவை. "டயாலிசிஸ்னா அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடிச்சிக்கோங்க" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாங்கள் முதல் ஆறு மாதத்தை வீணடித்தோம். நீங்கள் அதைச் செய்யாமல் இருக்கத்தான் இது.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். டயாலிசிஸ் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். போகும்போது எடை, திரும்பும்போது எடை, இரண்டு பிபி, உடம்பிலிருந்து எத்தனை லிட்டர் நீர் எடுத்தார்கள் என்று மேலே எழுதுங்கள். கீழே, எந்த இடத்தில், எத்தனையாவது மணியில், எந்த மாதிரி வலி, எது செய்ததும் குறைந்தது. அப்பாவின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "வியாழன். 60.9 கிலோ, எடுத்தது 3.4. 3 மணி 10 நிமிஷத்தில் இடது கெண்டை, கொரக்களி. சலைன் கொடுத்ததும் விட்டது. ராத்திரி பாதம் எரிச்சல்." (கொரக்களி என்றால் தசைப்பிடிப்பு, சலைன் என்றால் ரத்தத்தில் ஏற்றும் உப்புநீர்.)

நாலைந்து வாரம் எழுதினால், எது எதனால் வருகிறது என்று டாக்டர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது என்னவென்றால், கால் இழுத்த நாளெல்லாம் மூன்று லிட்டருக்கு மேல் எடுத்த நாள்.

கிளம்புவதற்கு முன்பே தொடங்கும் வலி

தசைப்பிடிப்பு கட்டிலில் வருகிறது, ஆனால் அதற்கான காரணம் முந்தின இரண்டு நாள் சாப்பாட்டில் இருக்கிறது. சிறுநீர் பிரியாதவருக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பில் தங்குகிறது. மெஷின் அதை 4 மணி நேரத்தில் உறிஞ்ச வேண்டும். ரத்தக் குழாயிலிருந்து நீர் போகிற வேகத்துக்குத் திசுக்களிலிருந்து நீர் உள்ளே வந்து சேராவிட்டால் பிபி விழுகிறது, தசைக்கு ரத்தம் குறைகிறது, இழுக்கிறது.

சிறுநீரக மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை, ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் இருப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 780 மில்லி, 4 மணி நேரத்தில் 3 லிட்டர் சொச்சம். நாலரை கிலோ ஏற்றிக்கொண்டு போனால், ஒன்று இழுக்கும், இல்லையென்றால் முழு நீரும் எடுக்க முடியாமல் வீட்டுக்கு வந்து ராத்திரி மூச்சு முட்டும். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் போகிறவர்களுக்கு நடுவில் ஒரு நீண்ட இடைவெளி வரும். அந்த இடைவெளிக்குப் பிறகான நாள்தான் எப்போதும் மோசம். மூன்று முறையாக்க முடியுமா என்று கேளுங்கள். வலிக்கு அதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை.

"தண்ணி குடிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி வீட்டில் சண்டைதான் வரும். தாகத்தை உண்டாக்குவது உப்பு. கருவாடு, அப்பளம், ஊறுகாய், நேந்திரங்காய் சிப்ஸ், பார்டர் பரோட்டாவும் அதன் சால்னாவும் (எங்கள் ஊர்க்காரனுக்கு இதை எழுதக் கை வராது). உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறைகிறது. தாகம் குறைந்தால் எடை, எடை குறைந்தால் கொரக்களி. உப்புக்குப் பதில் விற்கிற "லோ சோடியம்" உப்பை மட்டும் வாங்காதீர்கள். அதில் இருப்பது பொட்டாசியம், டயாலிசிஸ் நோயாளியின் இதயத்துக்கு ஆபத்து.

எடை அதிகம் ஏறாமலே கடைசி அரை மணி நேரத்தில் இழுக்கிறதா? டிரை வெயிட்டை, அதாவது தேங்கிய நீர் எல்லாம் எடுத்தபின் இருக்க வேண்டிய எடையை, திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா நன்றாகச் சாப்பிடத் தொடங்கி உடம்பில் சதை பிடித்திருந்தது. பழைய 56 கிலோவுக்கே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதாவது இல்லாத நீரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 57 ஆக்கினதும் அந்தக் கடைசி அரை மணி அமைதியாகிவிட்டது.

ஊசி

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்கிற ஃபிஸ்டுலா, 1966-இல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ குழுவினர் எழுதிய முறை. அதற்கு முன் கைக்கு வெளியே குழாய் தொங்கிக்கொண்டிருக்கும். அதோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்துவைத்தவர்கள்தான். ஆனால் வாரத்துக்கு நாலோ ஆறோ தடவை தடித்த ஊசி குத்துவது சின்ன விஷயமில்லை. பலருக்கு முந்தின நாள் ராத்திரியே தூக்கம் போய்விடும்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது. லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் கலந்தது, மருந்துச் சீட்டு கேட்டு வாங்குங்கள். குத்தப்போகிற இரண்டு இடத்திலும் ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடிமனாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட வேண்டும். தேய்க்கக் கூடாது. பலரும் பத்து நிமிஷம் முன்னால் தடவிவிட்டு "வேலை செய்யலை" என்று தூக்கிப் போடுகிறார்கள். எங்களுக்கு மலைப்பாதை இதற்கு வசதியாக அமைந்தது. ஆரியங்காவு தாண்டும்போது தடவினால், போய் எடை பார்த்துக் கட்டிலில் ஏறும்போது சரியாக இருக்கும். அங்கே போனதும் களிம்பைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் படுக்க வேண்டும். களிம்பு வேண்டாம் என்பவர்களுக்கு, துணியில் சுற்றிய ஐஸை இரண்டு நிமிஷம் வைத்தாலும் ஓரளவு கேட்கும். குத்துகிற கணத்தில் மூச்சைப் பிடிக்காமல் மெல்ல வெளியே விடுவது, சிரிக்காதீர்கள், உண்மையிலேயே உதவுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அந்த இடம் மரத்துப்போகும், வலி குறையும். நோயாளியே "அங்கேயே போடுங்க" என்று கேட்பார், டெக்னீஷியனுக்கும் சுலபம். ஆனால் அந்த இடத்துக் குழாய்ச் சுவர் மெலிந்து பலூன் போல வீங்கும். தோல் பளபளவென்று மெலிந்துவிட்டால் ஒரு நாள் உடைந்து ரத்தம் பீச்சலாம். ஆகவே ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளிக் குத்தச் சொல்லுங்கள். கொஞ்சம் வலிக்கும். இந்த ஒரு வலியை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

புது ஃபிஸ்டுலா என்றால் முதல் சில வாரம் மெல்லிய ஊசியும் கைதேர்ந்த ஆளும் வேண்டும் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஒரு முறை, பெயர் வேண்டாம், ஓர் இடத்தில் அவசரமாகக் குத்தி ஊசி குழாயைத் துளைத்து மறுபக்கம் போய்விட்டது. சுரீரென்று வலி, பிறகு கை முட்டை அளவுக்குப் புடைத்தது. அப்பா மரியாதைக்காகப் பத்து நிமிஷம் சொல்லாமலே இருந்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு இரண்டு வாரம் கை கருநீலமாகக் கிடந்தது. இப்படி ஆனால் உடனே சத்தம் போட்டுச் சொல்லுங்கள், மெஷினை நிறுத்துவார்கள். முதல் நாள் துணியில் சுற்றி ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து இளஞ்சூடு.

ஊசி எடுத்தபின் பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் போல அழுத்த வேண்டும். ரத்தம் நிற்கிற அளவு, ஆனால் குழாயின் அதிர்வு விரலுக்குத் தெரிகிற அளவு. அந்த அதிர்வு, பூனை மடியில் படுத்து உறுமுவது மாதிரி இருக்கும், தினமும் காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்க வேண்டியது. அதிர்வு இல்லை என்றால், கை வலிக்காவிட்டாலும், டீ கூடக் குடிக்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். மலையில் பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது அந்தக் கையால் கம்பியைப் பிடிக்கக் கூடாது, பையும் மாட்டக் கூடாது.

அந்த நான்கு மணி நேரம்

கொரக்களி வந்தால் முதல் இழுப்பிலேயே சொல்லுங்கள், உச்சத்துக்குப் போனபின் அல்ல. நீர் எடுப்பதை நிறுத்துவார்கள், தேவையென்றால் சலைன் கொடுப்பார்கள். கூட இருப்பவர் செய்யக்கூடியது, முழங்காலை நேராக வைத்து, பாதத்தைப் பிடித்து விரல்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி மேல்நோக்கி மெல்ல அழுத்திப் பிடிப்பது. கெண்டைச் சதை நீண்டு, அரை நிமிஷத்தில் விடத் தொடங்கும். கசக்கிப் பிழிய வேண்டாம்.

தலைவலிக்கு நாலைந்து காரணம் உண்டு. பிபி ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம். டயாலிசிஸ் தொடங்கிய முதல் சில தடவை, ரத்தத்தில் யூரியா வேகமாகக் குறைவதால் மூளையில் நீர் கோத்துத் தலை வலிக்கும், குமட்டும். அதனால்தான் முதல் தடவைகளை இரண்டு மணி நேரம் என்று குறைத்து ஓட்டுகிறார்கள். யாரும் சந்தேகப்படாத காரணம் காபி. ரத்தத்தில் இருக்கும் காஃபினையும் மெஷின் வடிகட்டிவிடுகிறது. தினம் நாலு காபி குடித்துப் பழகியவருக்கு மூன்றாவது மணியில் மண்டை பிளப்பது அதனாலும் இருக்கலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு அரை டம்ளர் கொடுத்துப் பாருங்கள், நீர்க் கணக்கில் சேர்த்து.

முதுகுவலியும் இடுப்புவலியும் பெரும்பாலும் அசையாமல் கிடப்பதால். முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்தாலே பாதி போய்விடும். ஆனால் மெஷின் தொடங்கின சில நிமிஷத்தில் முதுகும் மார்பும் சேர்ந்து வலித்தால் அது படுக்கையால் வந்ததில்லை, வடிகட்டியோடு உடம்பு ஒத்துப்போகாததால் இருக்கலாம். உடனே கூப்பிடுங்கள்.

குளிரும் ஒரு வலிதான். சாரல் மாதங்களில் நனைந்தபடி ஏசி அறைக்குள் போனால் ரத்தக் குழாய் சுருங்கி ஊசி போடுவதே கஷ்டமாகும். ஒரு பக்கக் கை திறந்த சட்டையும் ஒரு போர்வையும் நம் பையிலேயே இருக்கட்டும். ஆனால் போர்வை ஃபிஸ்டுலாக் கையை மூடக் கூடாது. ஊசி கழன்றால் வெளியே தெரிய வேண்டும்.

இவற்றில் எதற்கும் காத்திருக்காதீர்கள்: நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், நடுக்கத்தோடு காய்ச்சல் (ஃபிஸ்டுலாவுக்குப் பதில் கழுத்தில் குழாய் இருப்பவர்களுக்கு இது ரத்தத்தில் கிருமி என்பதன் அடையாளமாக இருக்கலாம்), ஃபிஸ்டுலாக் கை விரல்கள் வெளுத்தோ நீலமாகவோ குளிர்ந்து வலிப்பது. கடைசியில் சொன்னது, கைக்குப் போக வேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலா இழுத்துக்கொள்வதால் வருவது. விட்டால் விரல் போய்விடும்.

வலி பொறுக்காமல் "மூன்றரை மணியிலேயே கழற்றிவிடுங்க" என்று கேட்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்த அரை மணி நேரத்து நீர் அடுத்த தடவை எடையாக வந்து நிற்கும், அப்போது இன்னும் வேகமாக எடுக்க வேண்டும், இன்னும் இழுக்கும்.

வயிற்று வழி டயாலிசிஸ் (வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வடிக்கும் முறை) செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். வயிறு வலித்து, வெளியே வருகிற நீர் கலங்கலாக இருந்தால் அது தொற்று. அந்த நீர் வடிந்த பையைக் கொட்டாமல் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். தோள்பட்டை வலி மட்டும் என்றால் உள்ளே போன காற்றாக இருக்கலாம், ஆனாலும் சொல்லிவையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

பாத எரிச்சல், ஊசி குத்தல், மரத்துப்போதல் எல்லாம் நரம்பு பாதிப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இரட்டிப்பு. ராத்திரி படுத்ததும் கால் உளைந்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது வேறு. அதற்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம், ரத்தப் பரிசோதனையில் தெரியும். இரண்டையும் "கால்வலி" என்று ஒன்றாகச் சொன்னால் மருந்து மாறிப்போகும்.

எலும்பு வலி மெதுவாக வருகிறது. சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றாததால், பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகிறது. பாஸ்பரஸைப் பிடிக்கிற மாத்திரையைச் சோற்றோடு சேர்த்து, சாப்பிடும்போதே விழுங்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் காசு வீண். அரிப்புக்கும் இது ஓரளவு உதவும். பல வருஷம் டயாலிசிஸில் இருப்பவருக்கு ராத்திரியில் கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மரத்து வலித்தால், மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வலி மாத்திரை

இங்கேதான் நாங்கள் பெரிய தப்பு செய்தோம். மூட்டு வலிக்கு ஒரு மெடிக்கலில் நாலு மாத்திரையைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அருமையாகக் கேட்டது. நாலாம் நாள் அப்பாவுக்கு மலம் தார் மாதிரி கருப்பாகப் போனது. வயிற்றில் ரத்தக் கசிவு. பொட்டலத்தில் டைக்ளோஃபினாக் இருந்திருக்கிறது. டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வேறு கொடுக்கிறார்கள். டைக்ளோஃபினாக், ஐபூப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் மீதமிருக்கும் கொஞ்சம் சிறுநீரையும் நிறுத்தும், பிபியை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். ஊசியாகப் போட்டாலும் அதே கதைதான். மருந்துப் பெயர் தெரியாத பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

முதல் மருந்து பாராசிட்டமால். ஒரு நாளைக்கு எத்தனை என்று உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கைத் தாண்டாமல். நரம்பு எரிச்சலுக்குக் கேபாபென்டின், பிரிகாபலின் கொடுப்பார்கள். இவை சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை என்பதால் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அளவில் சிறு பங்குதான், அதுவும் டயாலிசிஸ் முடிந்தபிறகு. பக்கத்து வீட்டுச் சர்க்கரை நோயாளியின் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டால் தள்ளாட்டம், குழறல், கைகால் உதறல் என்று வந்து, பக்கவாதமோ என்று பயந்து ஓடுவீர்கள். இன்னும் கடுமையான வலிக்கு மார்ஃபினும் கோடீனும் நமக்குத் தோதுபடாதவை, அவற்றின் கழிவு உடம்பில் சேர்ந்துகொள்ளும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை, பியூப்ரினார்ஃபின் போன்றவை உண்டு. அதற்குப் பழகிய டாக்டர்தான் எழுத வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு எண்ணெயும் கஷாயமும் கண்ணில் படாமல் இருக்காது. முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ஃபிஸ்டுலாக் கை பக்கம் மட்டும் போக வேண்டாம். கஷாயம் வேண்டாம். அதில் நீரும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. நட்சத்திர வடிவில் வெட்டுப்படும் ஸ்டார் ஃப்ரூட், மலையாளத்தில் சதுரப்புளி, டயாலிசிஸ் நோயாளிக்கு விஷம். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போகும். கொழுப்பு குறைய என்று இலும்பிப்புளிச் (பிலிம்பி) சாறு குடித்துச் சிறுநீரகம் நின்றுபோனவர்களைக் கேரள மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

வலிக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்

"பாலியேட்டிவ்" என்றதும் சாகப்போகிறவர்களுக்கு என்று நினைத்து நான் வாயடைத்துப் போனேன். அப்படியில்லை. நாள்பட்ட நோயின் வலியைக் கவனிப்பதே அவர்கள் வேலை, டயாலிசிஸும் கூடவே நடக்கும். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய இயக்கம் கேரளம் முழுக்கப் பரவி, 2008-இல் அரசுக் கொள்கையாகவே ஆனது. அங்கே பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேளுங்கள். இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பு, பிசியோதெரபி, வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்த நர்ஸ் முதலில் கேட்டது வலியைப் பற்றி இல்லை. "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க ஐயா?" என்றார். அப்பா பதில் சொல்லாமல் அழுதுவிட்டார். தூக்கமின்மையும் மனச்சோர்வும் வலியைக் கூட்டும், வலி அவற்றைக் கூட்டும். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

சிஸ்டரிடம் சொல்ல வேண்டிய சொற்கள்

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில்தான் இருந்தது. பாட்டிமார் இரண்டு மொழியும் பேசினார்கள், நமக்கு விட்டுப்போயிற்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த மலையாளச் சொற்களை எழுதிவைத்திருக்கிறேன், நீங்களும் எழுதிக்கொள்ளலாம். வலி என்று பொதுவாகச் சொல்ல "வேதன". தலை என்றால் "தலவேதன", நெஞ்சு என்றால் "நெஞ்சுவேதன". கொரக்களிக்கு "கோச்சிப்பிடுத்தம்". மரத்துப்போனால் "தரிப்பு", எரிந்தால் "புகச்சில்", உடம்பு கடுத்தால் "மேலுவேதன", அரித்தால் "சொறிச்சில்", நடுங்கினால் "விறயல்", தலைசுற்றினால் "தலகறக்கம்". அவர்கள் "காலில் நீருண்டோ" என்று கேட்டால் தண்ணீர் பட்டதா என்று கேட்கவில்லை, வீக்கம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அப்பா ஒரு மாதம் "இல்லை, துடைச்சிட்டேன்" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.